கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்ட பேர்

பாண்டி,

கோபம் வந்தால் நீ கடிதத்தைப் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதியை ஒரு வாரம் கழித்துத்தான் படிப்பாய் என்று செல்வி சொன்னாள். அந்தக் குணம் உன் அப்பாவிடமிருந்து வரவில்லை, என்னிடமிருந்து வந்தது. அதனால்தான் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், இதை மட்டும் மடிக்காமல் கடைசிவரை படித்துவிடு. பிள்ளைக்குப் பேர் வைக்க நீ பம்பாயில் ரயிலேறுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். உலையை ஏற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படித்தவளின் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை ஒட்டன்சத்திரத்தில் செல்வியின் தாய் வீட்டுக்குப் போய் உன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல நிறம், அதை அவன் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டான். ஆனால் அந்தக் கால் இருக்கிறதே, அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். தொட்டில் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. பெரிய பாதம், நீளமான விரல், கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு. உன் அப்பாவின் கால்தான். நான் அதைத் தடவிக்கொண்டே இருந்தபோது செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகமே சரியில்லை.

"ஏனுங்க அத்தை, பேர் விசயத்துல அவரு ஒண்ணு சொல்லியிருக்காருங்க. நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க" என்றாள்.

"சொல்லுத்தா, நான் யாரு கோவிச்சுக்க?"

"மாமா பேரு வேண்டாங்கறாருங்க. வேற எந்தப் பேரு வேணும்னாலும் வையுங்க, வேலுச்சாமிங்கற பேரு மட்டும் என் வீட்டுக்குள்ள கேக்கக் கூடாதுங்கறாரு. கடைசியாப் பாக்கப் போனப்ப மாமா அவரை எட்டி உதைச்சுட்டாருங்களாமா. சாகப்போற நேரத்துலகூட மகன் மொகத்தைப் பாக்கப் புடிக்காம உதைச்ச மனுசன்னு சொல்லிச் சொல்லி அழுதாருங்க. நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க அத்தை."

சொல்ல மாட்டேன் என்று அவளிடம் தலையாட்டினேன். இதோ, சொல்லிவிட்டேன். அதற்காக அவளிடம் நீ மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்காதே. அவள் சொல்லாவிட்டால் நான் சாகும்வரை எனக்கு இது தெரிந்திருக்காது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ரெட்டியார்சத்திரம் தாண்டும்வரை என்னால் அழ முடிந்தது. அதற்கப்புறம் அழுகையும் வரவில்லை. தலைப்பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது நம் பக்கத்து வழக்கம், நீ வைக்காவிட்டால் நாலு பேர் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகிறார்கள். அது எனக்குப் பெரிதில்லை. அந்த உதையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நீ இத்தனை வருஷம் நடமாடியிருக்கிறாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது உதையே இல்லை, பாண்டி. அது என்ன என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லக் கூடாது என்று உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன். நேற்றுக் காலையில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, "தாயே, அவன் தலைக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்க, இனி நான் சொல்லத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அப்பா எப்படிக் கோல்கீப்பர் ஆனார் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தக்காளித் தோட்டம். வேலியில் ஆள் போய் வர ஒரு கடவு உண்டு. அதை அடைக்கிற படல் உடைந்துபோனால், புதுப் படல் கட்டும்வரை இவரை அந்தக் கடவில் நிறுத்திவிடுவார்களாம். தெருவில் போகிற ஆட்டு மந்தை முழுக்கத் தக்காளிச் செடியைப் பார்த்துவிட்டு முட்டிக்கொண்டு வரும். கையில் குச்சி இருந்தாலும் அடிக்கக் கூடாது, ஊரான் வீட்டு ஆடு. காலால்தான் தள்ள வேண்டும். "ஆடு பாக்குற பக்கம் வராது புள்ள. எந்தக் காலை ஊனுதோ அந்தப் பக்கந்தான் வரும். பந்தடிக்கிறவனும் அப்படித்தான்" என்பார். மெட்ராஸ் டீம்காரர்கள் யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டபோதும் இதே ஆட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கிண்டல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மில்லுக்கு அவர் பஞ்சுப் பொதி தூக்க வந்தவர். சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. மில் மேனேஜருக்கு ஹாக்கிப் பைத்தியம். பொதியை முதுகில் வாங்கிக்கொண்டு இவர் காலை அகட்டி நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கிரவுண்டுக்கு வரச் சொன்னாராம். அன்று போனவர்தான், பொதி தூக்குவது போய் மிஷினில் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் இங்கே நடக்கிற ஹாக்கிப் போட்டியின் பெரிய கோப்பை திண்டுக்கல்லைவிட்டு வெளியே போகவில்லை. மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரத்தில் ஆட்டம் சூடு பிடிக்கும். பூட்டுப் பட்டறைக்காரன், புகையிலைக் கடைக்காரன், தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்கள் எல்லாரும் வேலையை முடித்துவிட்டு அப்படியே அழுக்கு வேட்டியோடு வந்து கயிற்றைச் சுற்றி நிற்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் உன் அப்பா இரண்டு போஸ்ட்டையும் மட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார், வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது என்கிற மாதிரி. அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை வாய் ஓயாது. "ராமா, நீ அவனை விடாத. சின்னு, பின்னால வா, இங்கிட்டு ஓட்டை கெடக்கு" என்று முன்னால் நிற்கிற ஆட்களை நகர்த்திக்கொண்டே இருப்பார். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன். என்னிடம் பேச வேண்டியதையும் சேர்த்து அங்கேயே பேசித் தீர்த்துவிட்டார் என்று நான் கேலி செய்வேன்.

அவர் காலில் கட்டுகிற பேடு இரண்டையும் நான்தான் தைத்தேன். மில்லில் கழித்துப் போட்ட பஞ்சை உள்ளே அமுக்கி, மூங்கில் சிம்பு வைத்து, மேலே தோல் ஷாப்பில் வேலை செய்த அவருடைய கூட்டாளி கொடுத்த தோலைப் போட்டுக் கோணி ஊசியால் தைப்பேன். வீடே தோல் நாற்றம் அடிக்கும். கல்யாணமான புதிதில், "எனக்குத் தாலி கட்டுனீங்களா, இந்தப் பேடுக்குக் கட்டுனீங்களா?" என்று சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை பெங்களூர் டீம் வந்திருந்தது. எத்தனை பெனால்டி கார்னர் கிடைத்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய கேப்டன் நேராக வந்து, குனிந்து, உன் அப்பாவின் பேடை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். இரும்புத் தகடு கிகடு வைத்திருக்கிறாரோ என்று அவனுக்குச் சந்தேகம். "பஞ்சுதாங்க, எங்க வீட்டம்மா தச்சது" என்று உன் அப்பா என்னைக் கை காட்டினார். அவ்வளவு கூட்டத்தில் என்னைக் கை காட்டினார். அன்று நான் வீட்டுக்கு நடந்து வந்த மாதிரி அதற்கப்புறம் ஒரு நாளும் நடக்கவில்லை.

அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்கு முகத்தில் போட ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பிராக்டிஸில் பந்து எகிறி இடது கண்ணுக்குக் கீழே அடித்தது. முகம் வீங்கி, கறுத்து, பத்துப்பதினைந்து நாளில் வற்றிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணிச் செம்பைத் தட்டிவிட ஆரம்பித்தார். திட்டினேன். மறுநாளும் தட்டிவிட்டார். நீ சின்னப் பையன், இடப்பக்கமாகப் பதுங்கி வந்து "ப்பே" என்று கத்துவாய், அவர் உடம்பு தூக்கிப்போடும். பந்துக்குப் பயப்படாத ஆள் உனக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று சிரித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவருடைய வலது கண்ணைக் கையால் பொத்தி, "என் கையில என்ன இருக்கு சொல்லுங்க" என்றேன். கையில் கரண்டி இருந்தது. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். இந்தக் கண் அவ்வளவுதான், ஒன்றும் செய்வதற்கில்லை, இன்னொரு கண்ணையாவது பத்திரமாக வைத்துக்கொள், ஆட்டத்தை விட்டுவிடு என்றார் அவர். திரும்பி வருகிற பஸ்ஸில் கொடைரோடு வந்துவிட்டோம். அங்கே பஸ் நின்றது. நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

"இந்தா, இது மில்லுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"தெரிஞ்சா என்ன? கோல்ல நிக்க வேணாம்பாங்க. நல்லதுதான?"

"எனக்கு வேலை குடுத்ததே கோலுக்குத்தான். ஒத்தைக் கண்ணனை எவன் மிஷின்ல நிப்பாட்டுவான்? மறுபடி பொதி தூக்கவா? பையனைப் படிக்க வைக்க வேணாமா?" பிறகு, "அதுவும் இல்லாம, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது புள்ள" என்றார். அந்த இரண்டாவதைத்தான் அவர் முதலில் சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியும். என் கையைப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்த உன் தலையில் வைத்தார். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. இவனுக்குங்கூட." சொன்னேன்.

ஆனால் ஒற்றைக் கண்ணோடு எப்படி நிற்பது? முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி நின்று பார்த்தார், இடது காலை ஒரு சாண் முன்னால் வைத்துப் பார்த்தார். பந்து தெரிந்தது. ஆனால் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடப்பக்க ஓரத்தில் சத்தமில்லாமல் வந்து நிற்கிற ஆள் தெரியவில்லை. அப்போதுதான் நான் கோல் வலைக்குப் பின்னால், இடது போஸ்ட்டை ஒட்டித் தரையில் வந்து உட்கார ஆரம்பித்தேன். பொம்பளை அங்கே உட்காருவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. பிள்ளையை விளையாட விட்டுவிட்டுக் காவல் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

"ஆள் வந்து நின்னா என்னான்னு கத்தட்டும்? இடதுன்னு கத்துனா ஊரே திரும்பிப் பாக்குமே" என்று கேட்டேன்.

"பையனைக் கூப்புடுற மாதிரிக் கூப்புடு. ஒரு தாய் பிள்ளையக் கூப்புட்டா எவன் திரும்பிப் பாப்பான்?"

இப்போது உனக்கு ஞாபகம் வரும், பாண்டி. "ஏலே பாண்டீ!" என்று நான் கத்துவேன். நீ கயிற்றோரம் கோலி ஆடிக்கொண்டிருப்பாய். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து மூச்சு வாங்க, "என்னம்மா?" என்பாய். "ஒண்ணுமில்ல, போ, போய் வெளாடு" என்பேன். போவாய். செத்த நேரத்தில் மறுபடி, "ஏலே பாண்டீ!" மறுபடி ஓடி வருவாய். உன் கூட்டாளிகள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில், தெருவில், என் குரல் மாதிரியே இழுத்து "ஏலே பாண்டீ" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஒரு நாள் நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, "இனிமே என்னையக் கூப்புடாத, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா கூப்புடுற?" என்று அழுதாய். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கி வந்து, உன்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உரித்து உரித்து ஊட்டினார். நீ வேண்டாம் வேண்டாம் என்றும் ஊட்டினார்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "வேலுச்சாமிக்கு முதுகுலயும் கண்ணு இருக்குடா" என்று பேசினார்கள். கேட்டுவிட்டு நானும் அவரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். நாளாக ஆக, அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து உன் பேர் காதில் விழுந்ததும் இடது கால் தானாகப் போகும். ஒரு தடவை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நிஜமாகவே உன்னைத்தான். அவருடைய இடது கால் பாய்ந்து சாம்பார்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது. நீகூட அன்று விழுந்து விழுந்து சிரித்தாய். அதற்கப்புறம் வீட்டுக்குள் உன்னை நான் "அப்பு" என்றுதான் கூப்பிட்டேன்.

கடைசி ஃபைனலுக்கு வருகிறேன். அந்த வருஷம் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பந்தல் போட்டு, நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். பாண்டு வாத்தியம் வேறு. நான் வழக்கம்போல வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டார். "நம்ம கோல்கீப்பர் வீட்டம்மா தரையில உக்காரவா? ஊரு என்னைக் காறித் துப்பாதா?" என்று அவர் வீட்டம்மாவை அனுப்பினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என் தலையில் நிலக்கோட்டை மல்லிகையை ஒரு முழம் வைத்து, "வாங்க, உங்களுக்கு மொத வரிசையில நாற்காலி போட்டிருக்கு" என்றாள். "இருக்கட்டும்மா, நான் இங்கிட்டே இருக்கேன், பையன் இங்கதான் வெளாடுறான்" என்று எவ்வளவோ சொன்னேன். "பையனை நான் பாத்துக்கச் சொல்றேன்" என்றாள். மரியாதை செய்கிறவர்களிடம் எப்படி மறுப்பது? என்ன காரணம் சொல்வது? உன் அப்பா போஸ்ட்டுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தார். போ என்கிற மாதிரித் தலையசைத்தார். அந்தக் கிரவுண்டில் ஒருத்தரும் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, பாண்டி. எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள். எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நாற்காலி அது. முள்ளில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசிவரை கோல் விழவில்லை. முடியப்போகிற நேரம். வலப்பக்கம் கூட்டமாகப் பந்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் எதிர் டீம் ஆள் ஒருவன் சும்மா நடந்து வருகிற மாதிரி வந்து போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது, பத்தடியில் இருந்த அவருக்குத் தெரியவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அடித்தொண்டையிலிருந்து, "ஏலே பாண்டீ! ஏலே பாண்டீ!" என்று கத்தினேன். பாண்டு வாத்தியம் பக்கத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஆள் பந்தை அடிக்கக்கூட இல்லை, மட்டையால் மெல்லத் தள்ளினான். அது உருண்டு போனது. உன் அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நடக்கத் தெரிந்த குழந்தை நிறுத்தியிருக்கும் அந்தப் பந்தை.

நீ அன்று வலைக்குப் பின்னால் கூட்டாளிகளோடு நின்றிருந்தாய். அம்மா பந்தலில் பைத்தியக்காரி மாதிரி உன் பேரைக் கத்துகிறாள், அப்பா தூங்குகிற மாதிரிப் பந்தை விடுகிறார். இரண்டும் சேர்ந்து உன் தலையில் விழுந்தது. நீ வீட்டுக்கு ஓடிப் போய்விட்டாய். கயிற்றோரம் நின்றவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதை எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து பேடைக் கழற்றும்போது, "என் குரல் கேட்டுச்சா?" என்றேன். "இல்ல புள்ள" என்றார். பேடைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நீ என்ன பண்ணுவ, நாற்காலி போட்டாங்க, உக்காந்த" என்றார். அதற்கப்புறம் அவர் கோலில் நிற்கவில்லை. மேனேஜர் நல்ல மனுஷர், மில் கேட்டில் உட்காரும் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். நீயும் கிரவுண்டுப் பக்கம் போகவில்லை. படித்து முடித்துப் பம்பாய்க்குப் போனாய். பொங்கலுக்கு வந்தால் "சாப்டியா?" என்று அவர் கேட்பார், "ம்" என்பாய். அப்பாவுக்கும் மகனுக்கும் அவ்வளவுதான் பேச்சு. நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு, உன் தலைச் சத்தியத்தை வாயில் அடக்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் வெஞ்சனம் பரிமாறினேன். கடைசியில் சர்க்கரை வியாதி வந்து அவருடைய வலது கண்ணும் போனது. நீ வரும்போதெல்லாம் உன் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்திருப்பாய். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியாது.

இனி அந்த நாள். தந்தி பார்த்து நீ வந்தாய். மத்தியானம். அப்பா கயிற்றுக்கட்டிலில் ஜுரத்தில் கிடந்தார். கட்டிலின் தலைமாடு அடுப்படி வாசலை ஒட்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ முன்வாசலில் வந்து, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே போய்க் கட்டிலின் இடப்பக்கம் நின்று அவர் முகத்தைக் குனிந்து பார்த்திருக்கிறாய். இன்னும் வாய் திறந்து பேசவில்லை. நான் கொல்லையிலிருந்து தண்ணிக்குடத்தோடு அடுப்படி வழியாக வந்தேன். உன்னைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எல்லாம் மறந்துவிட்டது. அவர் தலைக்குப் பின்னாலிருந்து, "ஏலே பாண்டீ!" என்று கத்திவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து இடது கால் பாய்ந்து வந்தது. அந்த உடம்பில் எங்கேயிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. உன் வயிற்றில் பட்டு நீ சுவரில் போய் மோதினாய்.

எனக்கு அது என்னவென்று அந்த நிமிஷமே தெரியும். வாயில் சத்தியம். "ஜுரத்துல ஒதறுறாருப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் செய்ததை மறைக்க நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாய், இல்லையா? லீவு இல்லையம்மா என்று சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலுக்கே போனாய். நானும் லீவைத்தான் நம்பினேன்.

நீ படியிறங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் கையை நீட்டித் தேடினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"இந்தா, நின்னுச்சா, உள்ள போயிருச்சா?"

"நின்னுருச்சுங்க. நிப்பாட்டிட்டீங்க."

பல்லில்லாத வாயால் சிரித்தார். அன்றைக்கு நாற்காலியிலிருந்து நான் கத்தியது இப்போதுதான் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விடியும்போது புத்தி தெளிந்து, "பாண்டி எப்ப வாரான்?" என்று கேட்டார். வந்துவிட்டுப் போய்விட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வாரான், வழியில இருக்கான்" என்றேன். "வந்தா எனக்கு வலப்பக்கமா உக்காரச் சொல்லு. மொகத்தத் தடவிப் பாக்கணும்" என்றார். வலது கண்ணும் போய்விட்டது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார். அன்று மத்தியானம் போய்விட்டார். இரண்டாவது தந்தி கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். நீ அன்று அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று உன்னை நான் மனசுக்குள் திட்டினேன். அதையும் சேர்த்து மன்னித்துவிடு.

போன மாசம் மில் கிரவுண்டு வழியாக வந்தேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோலில் நின்ற பையன் முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, இடது காலை ஒரு சாண் முன்னால் வைத்து நின்றான். சொல்லிக்கொடுக்கிறவர், "அப்படித்தான், வேலுச்சாமி மாதிரி நில்லு" என்றார். இந்த ஊரில் கோலில் நிற்கிற பையன்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்களாம், அதுதான் ஸ்டைலாம். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற பிள்ளைகள். நேராகப் பாருங்கடா என்று கத்த வாய் வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, முந்தானையால் மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அப்பா இந்த ஊருக்கு விட்டுவிட்டுப் போனது அதுதான். உனக்கு விட்டுவிட்டுப் போனது ஒரு உதை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

பேர் உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் கேள். பிள்ளை மேல் கோபம் வந்தால் அவனிடம் கேட்டுவிடு. அவன் உன் மேல் கோபப்பட்டால் கேட்க வைத்துவிடு. லீவு இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறாதே. நாம் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு, ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவதாக நினைத்து, வாயை மூடியே கெட்டுப்போனோம்.

அவர் போனதிலிருந்து உன் பேரை நான் சத்தமாகச் சொல்லவே இல்லை. கவனித்திருக்கிறாயா? நீ வந்தால் அப்பு என்பேன், இல்லாவிட்டால் வந்து நிற்பேன். அந்தப் பேரைக் கூப்பிட்டால் என் கண் தானாக அந்தக் கட்டிலின் இடப்பக்கம் போகும், அந்தப் பயம். இப்போது சொல்லிவிட்டேன், பயம் போய்விட்டது. நீ ஸ்டேஷனில் இறங்கி நம் தெரு முக்குத் திரும்பும்போது நான் வாசலில் நிற்பேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஏலே பாண்டீ!" என்று கத்துவேன். சின்ன வயசில் வருகிற மாதிரி ஓடி வா. வந்து, "என்னம்மா?" என்று கேள். ஒண்ணுமில்ல, போ என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை உன்னைத்தான் கூப்பிடுகிறேன்.

உன் அம்மா